கிராணியாக வந்தார், பிரபுவாகப் போனார்: ராபர்ட் கிளைவும் அவர் குடும்பமும்

நம் நாட்டுத் தோட்டங்களில் பெரிய துரை, சின்ன துரை, பெரிய கிராணி, சின்ன கிராணி என்று வரிசை வைத்து வாழ்ந்த காலம் ஒன்று உண்டு. செமினி, ரிஞ்சிங், புரோகா வட்டாரத்துப் பெரியவர்களைக் கேட்டால் அந்த வரிசையை இன்றும் ஒப்பிப்பார்கள். இந்தியாவில் ஆங்கிலேய ஆட்சிக்கு அடிக்கல் நாட்டியவர் என்று பெயர் பெற்ற ராபர்ட் கிளைவும் அந்த வரிசையின் கடைசிப் படியில் தொடங்கியவர்தான். சென்னைக் கோட்டையில் கணக்கெழுதும் சின்ன கிராணியாகத்தான் அவர் வந்தார். வந்தவர் எப்படிப் பிரபு ஆனார், அந்தப் பிரபு பட்டத்தால் அவர் வீட்டுக்கு என்ன வந்தது, தமிழ் மண்ணுக்கு என்ன வந்தது, அதில் பினாங்குக்கு வந்த பங்கு என்ன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கடனில் இருந்த வீடு

ராபர்ட் கிளைவ் 1725 செப்டம்பர் 29-ஆம் நாள் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில், மார்க்கெட் டிரேட்டன் என்ற சிற்றூருக்கு அருகில் பிறந்தார். குடும்பத்துக்குப் பழைய பெயரும் ஸ்டைச் என்ற பழைய வீடும் இருந்தன. பணம் மட்டும் இல்லை. தந்தை ரிச்சர்டு கிளைவ் வழக்கறிஞர். நிலத்தின் மேல் கடன் இருந்தது. பிள்ளைகள் பலர் பிறந்தனர், பலர் சிறு வயதிலேயே இறந்தனர். மூத்தவர் ராபர்ட்.

சிறு வயதில் அவரைச் சில ஆண்டுகள் மான்செஸ்டர் பக்கத்தில் இருந்த பெரியம்மா வீட்டில் விட்டு வளர்த்தார்கள். முரட்டுப் பிள்ளை என்று பெயர் எடுத்தார். ஊர்த் தேவாலயக் கோபுரத்தில் ஏறி உச்சியில் உட்கார்ந்தார் என்றும், கடைக்காரர்களை மிரட்டிக் காசு வாங்கினார் என்றும் அவர் ஊரில் கதைகள் உண்டு. பல பள்ளிகள் மாறியும் படிப்பு ஏறவில்லை. கடைசியில் தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியில் ஒரு வேலை பிடித்துக் கொடுத்தார். அந்த வேலைக்கு ஆண்டுச் சம்பளம் 5 பவுன்.

1743-இல் கப்பல் ஏறினார். கப்பல் பிரேசில் கரையில் தட்டி நின்றது. பல மாதங்கள் அங்கேயே கிடந்தார். அந்த நாள்களில் கொஞ்சம் போர்த்துகீசிய மொழி கற்றுக்கொண்டார். 1744 ஜூன் மாதம் சென்னையில் இறங்கியபோது கையில் பணம் இல்லை, ஊரில் தெரிந்தவர் இல்லை, வயது 18.

சென்னையில் தனிமை

கோட்டைக்குள் எழுத்தர் வேலை என்பது துணி மூட்டைகளை எண்ணுவது, கணக்குப் பேரேட்டில் பதிவது, மேலதிகாரிகளிடம் திட்டு வாங்குவது. கிளைவுக்கு அது பிடிக்கவில்லை. வீட்டு நினைவு வாட்டியது. கவர்னர் மாளிகையில் இருந்த நூலகம்தான் அவருக்குக் கிடைத்த ஒரே ஆறுதல். அந்நாளில் ஒருமுறை துப்பாக்கியைத் தன் தலையில் வைத்து இரண்டு தடவை அழுத்தியும் அது வெடிக்கவில்லை என்ற கதை அவர் வாழ்க்கை வரலாறுகளில் தொடர்ந்து சொல்லப்படுகிறது. கதை எப்படியோ, மனச்சோர்வு என்பது அவரை வாழ்நாள் முழுவதும் விடாத நோய் என்பது உண்மை.

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கிளைவ் மாறுவேடமிட்டுத் தப்பி, கடலூருக்கு அருகிலிருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். உடன் தப்பியவர் எட்மண்ட் மாஸ்கலின் என்ற நண்பர். இந்த நட்புதான் பின்னாளில் சம்பந்தமாகவும் ஆனது.

கடலூரில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினார். 1749-இல் தஞ்சை அரசுக்கு எதிரான தேவிக்கோட்டைச் சண்டையில் முன்னால் நின்று சாவின் விளிம்புவரை போய் வந்தார். மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்ற தளபதி அவரைக் கவனித்து வளர்த்தார். பின்பு படைக்கு உணவும் பொருளும் வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு கிடைத்தது. அதில் வந்த கமிஷன்தான் கிளைவின் முதல் சொத்து.

ஆற்காடும் கஞ்சித் தண்ணீரும்

அப்போது ஆற்காட்டு நவாபு பதவிக்கு இருவர் சண்டையிட்டார்கள். சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் துணை. முகமது அலிக்கு ஆங்கிலேயர்கள் துணை. முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டார். திருச்சியைக் காப்பாற்ற வேண்டுமானால் ஆற்காட்டைத் தாக்க வேண்டும் என்பது அன்றைய திட்டம். அந்தப் பொறுப்பு கிளைவிடம் வந்தது.

1751 ஆகஸ்டு கடைசியில் சுமார் 200 ஐரோப்பியர்கள், 300 சிப்பாய்கள், மூன்று சிறு பீரங்கிகளுடன் புறப்பட்டார். இடி மழையில் நடந்தே போனார்கள். கோட்டையில் இருந்தவர்கள் சண்டையிடாமலே வெளியேறினார்கள். பிறகு சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபு பெரும் படையுடன் வந்து வளைத்துக்கொண்டார். 50 நாள்களுக்கு மேல் முற்றுகை நீடித்தது.

அரிசி தீர்ந்துகொண்டே வந்தபோது, சோற்றை வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டு வடித்த கஞ்சியைக் குடித்துத் தென்னாட்டுச் சிப்பாய்கள் காவல் காத்தார்கள் என்று ஒரு கதை ஆங்கில நூல்களில் நெடுங்காலமாக இருக்கிறது. சிப்பாய்களின் விசுவாசத்துக்குச் சான்றாகத்தான் அதை எழுதினார்கள். நாம் படித்தால் வேறொன்று கண்ணில் படும். ஆற்காட்டு வெற்றிக்குக் கிளைவின் பெயர் நிலைத்தது. கஞ்சி குடித்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை.

அந்தப் படையில் சேர்ந்து பெயர் வாங்கிய ஒரு தமிழர் உண்டு. அவர்தான் இராமநாதபுரம் சீமையில் பிறந்த யூசுப் கான். மருதநாயகம் என்ற பெயரால் நமக்குத் தெரிந்தவர். ஆங்கிலேயருக்காக மதுரையையும் நெல்லையையும் அடக்கினார். பின் அவர்களையே எதிர்த்தார். 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். கிளைவுக்கு அரசர் 'சர்' பட்டம் கொடுத்ததும் அதே 1764-ஆம் ஆண்டுதான்.

கோட்டைக்குள் நடந்த கல்யாணம்

எட்மண்ட் மாஸ்கலின் தன் தங்கை மார்கரெட்டைப் பற்றி நண்பரிடம் அடிக்கடி பேசுவார். கடைசியில் மார்கரெட் கப்பல் ஏறிச் சென்னைக்கே வந்தார். 1753 பிப்ரவரி 18-ஆம் நாள் புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள புனித மரியாள் தேவாலயத்தில் இருவருக்கும் திருமணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு வயது 27. பெண்ணுக்கு 17. நடத்தி வைத்தவர் பாதிரியார் பப்ரிசியுஸ். தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்த்து, தமிழ்–ஆங்கில அகராதியும் தொகுத்தாரே, அதே பப்ரிசியுஸ்தான். கிளைவோ இந்திய மொழி எதையும் பேசக் கற்றுக்கொள்ளவில்லை. கடைசிவரை துபாஷிகளை வைத்தே காரியம் நடத்தினார்.

மார்கரெட் இசையும் வானியலும் விரும்பிய பெண். அவருடைய இன்னொரு அண்ணன் நெவில் மாஸ்கலின் பின்னாளில் இங்கிலாந்து அரசரின் வானியலாளர் ஆனார்.

கல்யாணம் முடிந்த கையோடு இருவரும் இங்கிலாந்து போனார்கள். கிளைவ் தந்தையின் கடனை அடைத்தார். பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் பணம் கொடுத்தார். இதுவரை, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்ச் சம்பாதித்து வீட்டைத் தூக்கி நிறுத்திய எந்த மூத்த மகனின் கதைக்கும் இது வேறல்ல. ஆனால் கிளைவ் அதோடு நிற்கவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் ஆக ஆசைப்பட்டுத் தேர்தலில் பணத்தைக் கொட்டினார். 1754-இல் வென்ற இடமும் மறு ஆண்டு முறையீட்டில் பறிபோனது. மீண்டும் இந்தியாவுக்கே புறப்பட வேண்டியதாயிற்று.

1754 மார்ச்சில் பிறந்திருந்த மகன் எட்வர்டை உறவினர்களிடம் விட்டுவிட்டுத் தாயும் தந்தையும் 1755-இல் கப்பல் ஏறினார்கள். மகன் மறுபடி அவர்களைப் பார்த்தபோது அவனுக்கு வயது ஆறு.

பிளாசியில் வந்த பணம்

1756-இல் வங்காள நவாபு சிராஜ் உத் தௌலா கல்கத்தாவைப் பிடித்தார். அதை மீட்கச் சென்னையிலிருந்து கிளைவின் தலைமையில் படை போனது. 1757 ஜனவரியில் கல்கத்தா மீண்டும் கைக்கு வந்தது. அதன் பின் நடந்ததில் சண்டையைவிடப் பேரம்தான் அதிகம். நவாபின் தளபதி மீர் ஜாபரிடம், பதவி உனக்கு, பணம் எங்களுக்கு என்ற கணக்கில் இரகசிய ஒப்பந்தம் போட்டார்கள். இடையில் நின்ற அமீர் சந்த் என்ற வணிகரை ஏமாற்றப் பொய்யாக இன்னொரு ஒப்பந்தம் எழுதினார்கள். அதில் கையெழுத்திடக் கடற்படைத் தளபதி வாட்சன் மறுத்துவிட்டதால் அவர் கையெழுத்தையும் போலியாகப் போட்டுக்கொண்டார்கள்.

1757 ஜூன் 23-ஆம் நாள் பிளாசியில் கிளைவிடம் இருந்தவர்கள் சுமார் 3,000 பேர். எதிரே சுமார் 50,000 பேர். மழையில் நவாபு படையின் வெடிமருந்து நனைந்தது. மீர் ஜாபரின் படை அசையாமல் நின்றது. கம்பெனி தரப்பில் இறந்தவர்கள் 30 பேரைக்கூட எட்டவில்லை. மீர் ஜாபர் நவாபு ஆனார். சிராஜ் சில நாள்களில் கொல்லப்பட்டார்.

கிளைவின் தனிப்பட்ட பங்கு சுமார் 2,34,000 பவுன். அதன் மேல் ஆண்டுக்கு 27,000 பவுன் வருமானம் தரும் ஜாகீரும் பின்னர் கிடைத்தது. ஆண்டுக்கு 5 பவுன் சம்பளத்துக்கு வந்தவர் அவர் என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இந்தத் தொகையின் அளவு புரியும்.

1760-இல் ஊர் திரும்பினார். தந்தை அதற்கு முன்பே நாடாளுமன்ற உறுப்பினர் ஆகியிருந்தார். மகனும் 1761-இல் ஷ்ரூஸ்பரி தொகுதியில் வென்றார். 1762-இல் 'பிளாசி பிரபு' என்ற பட்டம் வந்தது. அது அயர்லாந்துப் பட்டம், இங்கிலாந்துப் பட்டம் அல்ல. அது அவருக்கு மனக்குறைதான். அயர்லாந்தில் வாங்கிய நிலத்துக்குப் பிளாசி என்றே பெயர் வைத்தார். ஷ்ராப்ஷயரில் மாளிகைகள், இலண்டன் பெர்க்லி சதுக்கத்தில் வீடு என்று சொத்து பெருகியது. தன்னை வளர்த்த ஸ்டிரிங்கர் லாரன்சுக்கு ஆண்டுக்கு 500 பவுன் கொடுத்து வந்தார். நன்றி மறக்காதவர் என்று இதற்காக அவரைப் பாராட்டலாம்.

மூன்றாம் பயணம்

1764-இல் கம்பெனி அவரை மீண்டும் வங்காளத்துக்கு அனுப்பியது. இம்முறை மார்கரெட் கருவுற்றிருந்தார். உடன் போகவில்லை. மூன்று ஆண்டுகள் கணவன் ஒரு கரை, மனைவி ஒரு கரை.

1765 ஆகஸ்டில் முகலாயப் பேரரசர் ஷா ஆலத்திடமிருந்து வங்காளம், பீகார், ஒரிசா பகுதிகளில் வரி வசூலிக்கும் திவானி உரிமையைக் கிளைவ் பெற்றார். பேரரசருக்கு ஆண்டுக்கு 26 இலட்சம் ரூபாய் கொடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் கம்பெனிக்கு. வணிகக் கம்பெனி அரசாங்கமாக மாறியது இந்த ஒரு தாளில்தான். செய்தி இலண்டனுக்குப் பரவுமுன் கம்பெனிப் பங்குகளை வாங்கும்படி தன் ஆள்களுக்குக் கிளைவ் எழுதியும் விட்டார்.

அதே பயணத்தில் கம்பெனி ஊழியர்கள் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று சட்டமும் போட்டார். மீர் ஜாபர் தமக்கு எழுதி வைத்த 5 இலட்சம் ரூபாயை ஊனமுற்ற படைவீரர்களுக்கான நிதியாக மாற்றினார். தாம் வாங்கியதெல்லாம் வாங்கி முடித்த பின் பிறர் வாங்குவதைத் தடுத்தார் என்று எதிரிகள் ஏசினார்கள். அந்த ஏச்சில் நியாயம் இருந்தது.

1767-இல் அவர் வங்காளத்தை விட்டுப் போனார். 1769–70-இல் மழை பொய்த்து, அங்கே பெரும் பஞ்சம் வந்தது. வரி வசூல் நிற்கவில்லை. இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். கம்பெனியும் கடனில் விழுந்தது. இலண்டனில் எல்லார் விரலும் கிளைவை நோக்கி நீண்டது.

விசாரணையும் முடிவும்

1772-இலும் 1773-இலும் நாடாளுமன்றம் அவரை விசாரித்தது. கிளைவ் எழுந்து நின்று தம் பக்கத்தை வாதாடினார். 1773 மே மாதம், அவர் அந்தப் பணத்தை வாங்கியது உண்மை என்று தீர்மானித்த அவையே, அவர் நாட்டுக்குப் பெரும் சேவை செய்தார் என்றும் தீர்மானித்தது. தண்டனை இல்லை. சொத்தும் போகவில்லை.

உடம்பும் மனமும் மட்டும் தேறவில்லை. பித்தப்பைக் கல் நோயின் வலிக்கு அபினை நம்பியிருந்தார். 1774 நவம்பர் 22-ஆம் நாள் பெர்க்லி சதுக்க வீட்டில் இறந்து கிடந்தார். வயது 49. தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார் என்பதே பரவலான கருத்து. குடும்பம் வாய் திறக்கவில்லை. பிறந்த ஊரான மோர்ட்டன் சே தேவாலயத்தில், பெயர் பொறிக்காத குழியில், இரவோடு இரவாக அடக்கம் செய்தார்கள். மார்கரெட் அதன் பின் 43 ஆண்டுகள் விதவையாக வாழ்ந்து 1817-இல் மறைந்தார்.

மகன் வந்த காலம்

பள்ளிப் பாடங்கள் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடும். தமிழருக்கு மிக நெருக்கமான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது.

மகன் எட்வர்டு தந்தையைப் போல முரடர் அல்ல. ஈட்டன் பள்ளி, ஆக்ஸ்போர்டு என்று படித்து வளர்ந்த அமைதியான மனிதர். 1784-இல் ஹென்ரியேட்டா ஹெர்பர்ட் என்ற பிரபு குடும்பத்துப் பெண்ணை மணந்தார். பெண் வீட்டில் பழைய பட்டமும் கோட்டையும் இருந்தன. கடனும் இருந்தது. மாப்பிள்ளை வீட்டில் இந்தியப் பணம் இருந்தது. தந்தைக்குக் கிடைக்காத இங்கிலாந்துப் பிரபு பட்டம் 1794-இல் மகனுக்குக் கிடைத்தது.

1798-இல் அவர் சென்னை கவர்னராக வந்தார். மனைவியும் இரண்டு மகள்களும் உடன் வந்தனர். 1800-இல் தாயும் மகள்களும் யானை, ஒட்டகம், பல்லக்கு, நூற்றுக்கணக்கான ஆள்களுடன் வேலூர், பெங்களூர், சீரங்கப்பட்டினம், கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர் என்று ஏழு மாதம் சுற்றி வந்தார்கள். இளைய மகள் சார்லட்டுக்கு அப்போது வயது 12. அவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் உள்ளது. பின்னாளில் இளவரசி விக்டோரியாவுக்கு வளர்ப்பு ஆசிரியையாக இருந்தவர் இந்தச் சார்லட்தான்.

அந்த ஐந்து ஆண்டுகளில் தமிழகத்தில் நடந்தவற்றை வரிசையாகப் பாருங்கள். 1799 மே மாதம் திப்பு சுல்தான் வீழ்ந்தார். 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 ஜூன் மாதம் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. ஜூலை 31-ஆம் நாள் ஆற்காட்டு நவாபின் ஆட்சி முழுவதும் கம்பெனி கைக்குப் போனது. முகமது அலிக்குத் துணையாக நிற்கிறோம் என்று தந்தை ஆற்காட்டுக்குள் புகுந்து சரியாக 50 ஆண்டு. மகன் காலத்தில் அந்த நவாபு குடும்பத்திடமே நாடு இல்லை. 1801 அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

மேலே இருந்து முடிவெடுத்தவர் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி. களத்தில் செய்தவர்கள் பானர்மேன், அக்னியூ போன்ற அதிகாரிகள். ஆனால் சென்னை அரசின் தலைவர் என்ற பெயர் எட்வர்டு கிளைவுக்கே உரியது.

பினாங்கில் இறங்கியவர்கள்

தூக்குக்குத் தப்பியவர்களில் 70-க்கும் மேற்பட்டோரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். கப்பல் போன இடம் அன்று வேல்ஸ் இளவரசர் தீவு என்று அழைக்கப்பட்ட நம் பினாங்கு. சிவகங்கையின் வேங்கை பெரிய உடையத் தேவர் அதில் ஒருவர். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அதில் ஒருவர். அப்போது அவர் விடலைப் பையன்.

மருது சகோதரர்களோடு ஒரு காலத்தில் நட்பாகப் பழகி, சின்ன மருதுவிடம் ஈட்டி எறியக் கற்றுக்கொண்டவர் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி. பின் அவர்களையே எதிர்த்துப் போரிட்டார். 1818-இல் அவர் பினாங்குக்கு வந்தபோது, உடல் தளர்ந்து முதியவர்போல் தோன்றிய துரைசாமியைச் சந்தித்ததைத் தம் நினைவுக் குறிப்பில் பதிந்திருக்கிறார். துரைசாமிக்கு அப்போது வயது முப்பதைச் சற்றே தாண்டியிருந்தது.

ரப்பருக்கும் கரும்புக்கும் கூலிகளாக நம் முன்னோர் வந்ததைத்தான் நாம் அதிகம் பேசுகிறோம். அதற்கு முன்பே இம்மண்ணில் அரசியல் கைதிகளாக இறக்கப்பட்ட தமிழர்கள் இருந்தார்கள். அவர்களை அனுப்பிய சென்னை அரசின் தலைமை நாற்காலியில் இருந்தவர் கிளைவின் மகன். கிளைவின் கதை ஏதோ இங்கிலாந்துக் கதை என்று நாம் தள்ளிவிட முடியாமல் போவது இந்த இடத்தில்தான்.

எட்வர்டு 1803-இல் ஊர் திரும்பினார். 1804-இல் போவிஸ் கோமகன் ஆனார். 80 வயதைத் தாண்டியும் காலை ஆறு மணிக்குத் தோட்டத்தில் இறங்கி மண் கொத்துவாராம். 1839-இல், 85-ஆம் வயதில் இறந்தார். துரைசாமிக்கு வாய்க்காத முதுமை அது.

இன்று கண்ணால் பார்க்கக் கிடைப்பவை

வேல்ஸ் நாட்டில் உள்ள போவிஸ் கோட்டையில் தந்தையும் மகனும் குடும்பமும் சேர்த்த இந்தியப் பொருள்கள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. திப்புவின் கூடாரமும் அவர் அரியணையில் இருந்த பொன் புலித்தலையும் அங்கேதான் உள்ளன. ஷ்ரூஸ்பரியிலும் இலண்டனிலும் ராபர்ட் கிளைவுக்குச் சிலைகள் நிற்கின்றன. 2020-இல் அவற்றை அகற்றக் கோரிப் பலர் கையெழுத்திட்டார்கள். ஷ்ரூஸ்பரி சிலை இருக்கட்டும் என்று அம்மாவட்ட மன்றம் முடிவு செய்தது.

சென்னைக்குப் போகும் நம்மவர்கள் கோட்டைக்குள் சென்றால் கிளைவ் மணம் முடித்த தேவாலயத்தையும் அவர் பெயர் தாங்கிய வீட்டையும் பார்க்கலாம். எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கலைஞர் ஆகியோரின் உடல்கள் மக்கள் அஞ்சலிக்கு வைக்கப்பட்ட ராஜாஜி மண்டபத்தைத் தொலைக்காட்சியில் பார்க்காத தமிழர் இருக்க மாட்டார்கள். எட்வர்டு கிளைவ் கவர்னராக இருந்தபோது, பிளாசி வெற்றியையும் சீரங்கப்பட்டின வெற்றியையும் கொண்டாட 1802-இல் கட்டி முடித்த விருந்து மண்டபம் அது. துரைசாமியைப் பினாங்குக்குக் கப்பலேற்றியதும் அதே ஆண்டில்தான்.

கிளைவ் துணிச்சல்காரர். நண்பர்களுக்கு உதவியவர். வீட்டுக் கடனை அடைத்த பிள்ளை. கையெழுத்தைப் போலியாகப் போடத் துணிந்தவரும் அவரே. வரிக்காகப் பஞ்சத்தைப் பொருட்படுத்தாத ஓர் ஆட்சிக்கு வழி திறந்தவரும் அவரே. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் அது வரலாறு ஆகாது. பிள்ளைகளுக்குக் கிளைவின் பெயரைச் சொல்லும்போது துரைசாமியின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆற்காட்டில் கஞ்சி குடித்துக் காவல் நின்றவர்களுக்குச் சொல்லப் பெயர்கூட இல்லை என்பதையும் சொல்லுங்கள்.